மச்சான், நீ ஒதுக்கிய மேல்மண் முளைத்துவிட்டது

என் அருமை மச்சான் முனியாண்டிக்கு,

புல் வந்துவிட்டது. நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. நம் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே இருக்கிற மேய்ச்சல் சரிவில், நீ ஒதுக்கி வைத்த மண்ணில், யாரும் விதைக்காத புல் கணுக்காலைத் தாண்டி நிற்கிறது. உன் தங்கச்சியிடம் இதை மூன்று முறை சொல்லிவிட்டேன். "நானுந்தானே பாத்தேன், எத்தன தடவ சொல்லுவீங்க" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. எண்பதாம் வருடமும் பிறந்துவிட்டது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் நீ சிரிக்கக்கூடாது.

தொழிற்சாலைப் பாதையை அகலப்படுத்த அந்தச் சரிவை வெட்டினார்களே, அன்றைக்கு நீ டிராக்டரை நிறுத்திவிட்டு அடம்பிடித்தது நினைவிருக்கிறதா? மேலே இருக்கிற ஒரு சாண் மண்ணைத் தனியே எடுக்க வேண்டும், இடுப்புயரத்துக்கு மேல் குவிக்கக்கூடாது என்றாய். பாதை போட வந்தவர்கள் காதில் வாங்கவில்லை. மேல்மண், அடிமண் எல்லாவற்றையும் கலந்து கூரை உயரத்துக்கு ஒரே குவியலாகத் தள்ளினார்கள். நீ மட்டும் உன் பங்கு மண்ணைத் தாழ்வாக, நீளமாகப் போட்டு வைத்தாய்.

அன்று உன்னைக் கேலி செய்தவன் நான்தான். "என்னா மச்சான், மண்ணுக்கு லயம் கட்டுறியா லா?" என்றேன். களை வெட்டும் பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர்களுக்குக் கங்காணி நான். நான் சிரித்தால் அவர்கள் சும்மா இருப்பார்களா?

நீ கோபித்துக்கொள்ளவில்லை. "நர்சரிக்கு ஏன் மாப்ள அடிமண்ணா பாத்து அள்ளிட்டு வரச் சொல்றாங்க? மேல்மண்ணு போட்டா களை மொளைக்குதுன்னுதானே? இப்ப நமக்கு அந்தக் களைதான் வேணும். அதோட வெத மேலதான் கெடக்கு. ஒசரமா குவிச்சா அடியில இருக்கிறது மூச்சு முட்டிச் செத்துப்போயிடும்" என்றாய். தேயிலைக் கன்றுகளுக்கு மண் ஏற்றி ஏற்றியே நீ கண்டுபிடித்த விஷயம். இத்தனை வருடம் களையோடு மல்லுக்கட்டிய எனக்கு அது ஏன் தோன்றவில்லை?

அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை.

உன் வீட்டை இப்போது ஓட்டுவது அந்த இரண்டு பசுக்கள்தான். சரிவு மொட்டையாகிப் போனதால் உன் மனைவி லெட்சுமி கோலா தெர்லா ரோட்டோரம் போய், காய்கறி லோரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் புல் அறுத்துக்கொண்டு வந்தாள். போன மழைக்கு முன்னால்தான் தோட்டத்துத் துரை முடிவு சொன்னார். குவித்த மண்ணை வெட்டிய இடத்தில் திரும்பப் பரப்ப வேண்டும். பச்சை பிடித்தால் மேய்ச்சலுக்கே விட்டுவிடுவார். பிடிக்காவிட்டால் தேயிலை நடுவார், லயத்து மாடுகளை எல்லாம் விற்றுவிட வேண்டும்.

ஒரு பாதியில் அந்தப் பெரிய குவியலைப் பரப்பினோம். நடுவில் வெட்டியபோது புளித்த வாடை அடித்தது. மறுபாதியில் உன் மண். மழை விழுந்து பத்தாம் நாள் பார்த்தால், அவர்கள் பாதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டாச்சிணுங்கி. அதன் விதைக்கு மட்டும் தோல் கெட்டி போலிருக்கிறது. உன் பாதி முழுக்க ஊசி ஊசியாகப் பச்சை.

இனி எழுதக் கூச்சமாக இருக்கிறது. அன்று பக்கத்துத் தேயிலைக் காட்டில் எங்களுக்குக் களைவெட்டு. கோயில் திருவிழாவைப் பற்றிப் பேசிக்கொண்டே சுரண்டிக்கொண்டு போனோம். தேயிலை முடிந்தது, பேச்சு முடியவில்லை, கையும் நிற்கவில்லை. தேயிலை அல்லாத பச்சையைக் கண்டால் எங்கள் கை எங்களைக் கேட்பதே இல்லை, மச்சான். முன்னால் போனது என் சுரண்டிதான்.

லெட்சுமி தலையில் இருந்த புல்கட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அண்ணே, என்னண்ணே பண்றீங்க? அது அவரு புல்லுண்ணே."

திரும்பிப் பார்த்தேன். உன் பாதியில் பாதி போயிருந்தது. பெண்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாளே துரை வந்துவிட்டார். "கங்காணி, அங்க வருது, இங்க ஏன் வரல? மண்ணு சரியில்லயா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் என் வேலைக்குச் சேதமில்லை. வாய் வரைக்கும் வந்தது. லெட்சுமி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மண்ணுல குத்தமில்ல தொர. நாந்தான் சுரண்டிட்டேன். என் மச்சான் வச்சிட்டுப் போன மண்ணு அது. இன்னும் ரெண்டு மாசம் பாருங்க."

துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். கங்காணி வேலை அன்றோடு போயிற்று என்றுதான் நினைத்தேன். "ரெண்டு மாசம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மழைக்கு என்ன ஆயிற்று தெரியுமா? சுரண்டிய இடத்தில்தான் அடர்த்தியாக வந்தது. நாங்கள் கிளறியதில் கீழே தூங்கிக்கொண்டிருந்ததெல்லாம் மேலே வந்துவிட்டது போல. ஒரு சாண் மண்ணுக்குள் நீ எவ்வளவு வைத்துவிட்டுப் போயிருக்கிறாய், மச்சான்? தினமும் வேலைக்கு முன்னால் போய்ப் பார்த்தேன். பிள்ளைத்தாய்ச்சி வீட்டு ஆள் மாதிரி நான் அலைவதாக உன் தங்கச்சி சொன்னாள்.

இன்று காலை துரை வந்து சரிவு முழுக்க நடந்தார். "இங்க தேயில வேணாம். மாடு மேயட்டும்" என்றார், அவ்வளவுதான். லெட்சுமி சிவப்புப் பசுவை அவிழ்த்து வந்து விட்டாள். அது தலையைத் தூக்கவே இல்லை. நீ போன அன்றுகூட எங்கள் எதிரில் அழாதவள், அதன் முதுகில் கை வைத்துக்கொண்டு அழுதாள்.

உன்னைப் பார்த்து நான் சிரித்தது தப்பு, மச்சான். நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். நேரமா இல்லை, வாய்தான் வரவில்லை.

அடுத்த மாதம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்கு மேடு வெட்டப் போகிறார்கள். முதல் மண்வெட்டி விழும்போது நான் அங்கே நிற்பேன். மேல்மண்ணைத் தனியே எடுத்து, இடுப்புக்கு மேல் ஏறாமல் போட்டு வைப்பேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கேட்கிறவர்களிடம், இது என் மச்சான் முனியாண்டி செய்து காட்டிய வேலை என்று உன் பேரைச் சொல்லியே செய்வேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சியைக் கட்டியவன், லெட்சுமிக்கு அண்ணன்,
உன் மாப்பிள்ளை ராமையா