புளித்த மாவும் பம்ப் பெயரிங்கும்

கிளென் வேவர்லி,
சனிக்கிழமை காலை

அன்பு மகள் வர்ஷாவுக்கு,

இங்கே வீடு சூடாக இருக்கிறது, அம்மாவின் வயிற்றுத் தையலும் காய்ந்துவிட்டது. நீயும் வெஸ்ட்மீட்டில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, சுகமாக இருக்க வேண்டும். மெசேஜ் போட்டால் ஒரு கட்டைவிரல் படம்தான் பதிலாக வருகிறது, ஆகவே கடிதம். தமிழில் எழுதினால் ஆறுதலாகத்தான் வாசிப்பாய், அதுவும் நல்லதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அம்மா வா என்று கேட்க, பரீட்சையை விட்டுவிட்டு வீட்டுக்கு வரப்போவதாகச் சொன்னாயாம். வராதே. இது உன் படிப்பின் கடைசிப் பரீட்சை, இதில் தேறினால்தான் ஆஸ்பத்திரியில் அந்த வேலை. பித்தப்பை ஒப்பரேஷன் முடிந்து வந்த அம்மா குளிரில் நடுங்குகிறா என்றுதானே வெளிக்கிட்டாய்? நடுங்கினது உண்மை. இப்போது இல்லை.

கொதிகலனிலிருந்து சுடுதண்ணீரை அறை அறையாகச் சுற்றி அனுப்புகிற பம்ப், அம்மா வீட்டுக்கு வந்த மறுநாளே கிறீச்சிட்டுக்கொண்டு நின்றுவிட்டது. பழுதுபார்க்க வந்த மனுஷன் ஒரு ஆணியைக்கூடக் கழற்றாமல், முழுப் பம்பையும் மாற்றவேண்டும், புதியது வர மூன்று கிழமை செல்லும் என்றார். நான் வேலையில் நாள் முழுக்க மோட்டார் கழற்றிப் பூட்டுகிறவன். உன் சிநேகிதிகளின் அப்பாமாரைவிட எனக்கு வயதும் குறைவு, பொறுமையும் குறைவு. அவரை அனுப்பிவிட்டு, கரண்டை நிறுத்தி, இரண்டு பக்க வால்வையும் பூட்டி, மோட்டாரைக் கழற்றினேன். தண்டைக் கையால் சுற்றினால் மணல் அரைபடுவதுபோலக் கரகரத்தது. தண்டைத் தாங்கிச் சுழலவிடுகிற குண்டு வளையங்கள், அந்தப் பெயரிங் இரண்டும் தேய்ந்துபோய்விட்டன. மேலே இருந்ததைச் சுற்றி வெள்ளையாக ஏதோ கல்லாகக் காய்ந்து கிடந்தது. அம்மா போர்வையோடு வந்து எட்டிப் பார்த்து, அது தண்ணியில இருக்கிற சுண்ணாம்பப்பா என்றா. மோட்டாருக்குள் தண்ணீரே வராது, அப்படி வந்தாலும் சுண்ணாம்பு புளிச்ச மணம் மணக்குமோ என்று கேட்டேன். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டா. பிறகு, ஒரேயொருக்காத்தான் பொங்கி வழிஞ்சது, நான் உடன துடைச்சுவிட்டனான் என்றா.

விளங்கியதா? குளிருக்குத் தோசைமா புளிக்காதென்று, பம்ப் இருக்கிற சூடான அலுமாரிக்குள், அதற்கு நேர் மேலே இருக்கும் தட்டில் சட்டியை வைத்திருக்கிறா. வழிந்த மா மோட்டார் மூடியின் துளைகளால் இறங்கி, கிறீஸோடு கலந்து பெயரிங்கைத் தின்றுவிட்டது. நான் ஏச வாயெடுக்க முதல், இத்தனை குளிருக்க தோசை எப்பிடி மெத்தெண்டு வருகுது எண்டு ஒருநாளாவது யோசிச்சனீங்களோ என்று என்னையே கேட்கிறா. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவவும் வயிற்றைத் தலையணையால் அமத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தா.

பெயரிங் கடையில் அதே இலக்கத்தில், இரண்டு பக்கமும் ரப்பர் மூடியோடு வாங்கி வந்து ஏற்றினேன். உள்வளையத்தில் மட்டும்தான் தட்டவேண்டும், வெளியில் தட்டினால் உள்ளே இருக்கும் குண்டுகள் பழுதாகிவிடும், அது உனக்கு வேண்டாம். இப்போது பம்ப் ஓடுவதே கேட்கவில்லை. அம்மா காலுறையையும் கழற்றிவிட்டா. தோசைமா இனி அவண் அடுப்புக்குள், அதன் லைட்டை மட்டும் போட்டுவிட்டு வைக்கப்படும். என் கஞ்சி சீமெந்து மாதிரியாம், அதனால் நாகேஸ்வரி அன்ரி அடுத்த தெருவிலிருந்து ரசம் கொண்டுவருகிறா. ஆகப் பட்டினியும் இல்லை, குளிரும் இல்லை.

ஆனால் அம்மா உன்னை வா என்றது குளிருக்காக மட்டும் இல்லை. அது எனக்கும் தெரியும். கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறா. இருந்தாலும் நீ பரீட்சையை எழுது. எழுதி முடித்த பின்னேரமே பிளேன் ஏறு, நான் எயார்போர்ட்டில் நிற்பேன்.

உனக்கு எல்லாம் நல்லபடி நடக்கும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போக மறக்காதே. இன்னொன்று, ஏன் வரவில்லை என்று அம்மா கேட்டால் பரீட்சைதான் பெரிது என்று சொல்லிவிடாதே, அவவுக்கு நோகும். அப்பாதான் வரவேண்டாம் என்று மறித்தவர் என்று சொல். ஏச்சை நான் வாங்குகிறேன்.

உன் அப்பா,
இந்திரகுமார்