விரதக்காரி வைத்த கோழிச் சூப்

ஜூன் 9, திங்கள்

சோளகக் காற்று ஓயவில்லை. கொடியில் போட்ட உடுப்பு முழுக்கப் புழுதி. திரும்பத் தோய்க்க வேண்டும்.

காலையில் ஆஸ்பத்திரி. இவருக்கு நிறை இன்னும் குறைந்திருக்கிறது. ஏறாவிட்டால் அடுத்த மருந்து ஏற்ற மாட்டார்களாம், தள்ளிப் போடுவார்களாம். புற்றுநோய் தள்ளி நிற்குமா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். "நல்லாச் சாப்பிடக் குடுங்கோ அம்மா" என்று டொக்டர் எனக்குச் சொல்கிறார். நான் ஏதோ சோற்றைப் பூட்டி வைத்துக்கொண்டு இருப்பவள் மாதிரி.

புட்டு, இடியப்பம், குழையல் சோறு, கஞ்சி, பால்மா. எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து நாக்கு செத்துப் போயிற்று என்கிறார். எதை வாயில் வைத்தாலும் மண். பார்க்க வருகிறவர்கள்தான் நன்றாகச் சாப்பிடுகிறார்கள். வந்து இருந்து, வடை கடித்து, தேத்தண்ணி குடித்து, "சரியா மெலிஞ்சு போனார் என்ன" என்று அவருக்கு முன்னாலேயே சொல்லிவிட்டுப் போகிறார்கள். இதைச் சொல்லவா பஸ் ஏறி வந்தார்கள்?

பின்னேரம் தானாகவே ஒரு கதை தொடங்கினார். இளந்தாரிக் காலத்தில் கனடா போக வெளிக்கிட்டு, ஏஜென்சிக்காரன் கைவிட்டு, பாங்கொக்கில் ஓர் அறைக்குள் பத்துப் பெடியளோடு கிடந்தவர். அறைக்குக் கீழே ஒரு மனுசி வண்டிலில் கோழிச் சூப் விற்பாளாம். தேங்காய்ப்பால், தேசிக்காய் பிழிந்த புளி, ஏதோ ஒரு வேரின் வாசம். "அது எண்டால் இறங்கும் போலை கிடக்கு" என்றார்.

கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்தில் அந்தச் சூப்பைப் பற்றி மூச்சு விட்டதில்லை. இப்போது, கோயில் கொடியேறி, ஒழுங்கையில் எல்லா வீடும் சைவமாக இருக்கும்போது, கோழி. அதுவும் இவருக்காகத்தான் நான் தீர்த்தத் திருவிழா வரைக்கும் விரதம், ஒருநேரச் சாப்பாடு. நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்கிறார். சரி, கேட்டாரே. அதுவே பெரிது.

ஜூன் 10, செவ்வாய்

மகள் கனடாவிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினாள். கண்ணாடி போல் மினுங்கும் குசினியில் ஒருத்தி சிரித்துச் சிரித்துக் காய்ச்சுகிறாள். எல்லாம் பக்கத்துக் கடையில் கிடைக்குமாம். அவளைச் சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுவந்து விட வேண்டும்.

வேண்டியவை:
பேரரத்தை (அந்த வேர் இதுதானாம்): நாட்டு மருந்துக் கடை
மீன் சோஸ்: ரவுண் கடை (பஸ்ஸில் போக வேண்டும்)
தேசி இலை: எங்கள் மரத்தில்
எலுமிச்சம்புல்: மச்சாள் வீட்டில் (!)
காளான்: தேவையில்லை
கோழி: ?

பேரரத்தை பச்சையாக இல்லை. காய்ந்து விறகாகக் கிடந்ததைத்தான் தந்தான். யாருக்கு இருமல் என்று கேட்டான். ஒருவருக்கும் இல்லை, சூப்புக்கு என்றேன். பிறகு நிறுத்து முடியும் வரைக்கும் என்னை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தான்.

மச்சாள் இவரின் தமக்கை. பக்கத்து வளவு, இடையில் ஒரு மதில். கிணற்றடியில் எலுமிச்சம்புல் காடாக வளர்ந்திருக்கிறது. கேட்டதும் கத்தியோடு வந்து குனிந்து வெட்டத் தொடங்கினா. எதற்கு என்று கேட்டா. பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. கோழி என்றதும் நிமிர்ந்துவிட்டா.

"கொடியேறிக் கிடக்கேக்கை கோழியோ வசந்தி? உந்த வருத்தம் காணாதெண்டோ?"

வெட்டிய நாலு தண்டையும் கையில் தந்துவிட்டு உள்ளே போய்விட்டா. இவருக்கு வந்த நோய் போதாதாமே! அவவின் தம்பி என்றால் எனக்கு யார்? கோயிலுக்கு ஒருநாள் தவறாமல் போகிறேன், ஒருநேரம் சாப்பிடுகிறேன், தலை சுற்றச் சுற்ற ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன். கந்தனுக்கு இதெல்லாம் தெரியாமல் கோழி மட்டும் தெரியுமாமா? படலையைச் சாத்தும்போது கொஞ்சம் பலமாகத்தான் சாத்தினேன்.

ஜூன் 11, புதன்

எங்கள் பக்கத்துக் கோழிக்கடை திருவிழாவுக்குப் பூட்டு. ரவுணுக்குப் போனேன். முஸ்லிம் பெடியன் ஒருவரின் கடை. கேட்காமலே இரண்டு பையில் போட்டு, மேலே பேப்பர் சுற்றித் தந்தார். "வீட்டிலை ஆருக்கும் சுகமில்லையோ அக்கா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். நெஞ்சுத் துண்டை எடுத்து வைத்துவிட்டு எலும்போடு கூடிய துண்டாக மாற்றித் தந்தார், சூப்புக்கு அதுதான் நல்லதாம். இன்றைக்கு முழுக்க நேரே கதைத்த ஒரே ஆள்.

குசினிக்குள் காய்ச்ச மனம் வரவில்லை. மீன், இறைச்சி காய்ச்சும் மச்சச் சட்டிகளைக் கொடியேறிய அன்றே கழுவி வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் கவிழ்த்து வைத்தது. அதில் ஒன்றை நிமிர்த்தி, மூன்று கல் வைத்து, வெளியே அடுப்பு. காற்று நெருப்பை எல்லாப் பக்கமும் இழுத்தது. பாலைத் திரையாமல் பார்க்க வேண்டும், கண்ணுக்குள் புகை. மதிலுக்கு மேலால் மச்சாளின் தலை ஒருக்கால் தெரிந்தது, பிறகு இல்லை.

வாசம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு கிண்ணம் கொடுத்தேன். மூன்று கரண்டி. "போதும்" என்று வைத்துவிட்டார்.

ஊரைப் பகைத்து, புகையில் வெந்து, மூன்று கரண்டி! கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன், இரண்டு தரம். மிச்சம் நாய்க்கு. நாயும் மணந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. அதற்குமா வாய்க்கொழுப்பு?

ஜூன் 12, வியாழன்

திரும்பவும். இன்றைக்குத் தேசிப்புளியும் மீன் சோஸும் இன்னும் கூட்டி விட்டேன், நாக்குக்கு உறைக்கட்டும் என்று. கண்ணை மூடிக்கொண்டு அரைக் கிண்ணம் குடித்தார். எனக்குச் சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். முள்ளந்தண்டு ஒவ்வொன்றும் கைக்குத் தெரிந்தது.

சத்தம் கேட்டு மச்சாள் ஓடி வந்தா. வாளி பிடித்தா, முகம் துடைத்தா, விபூதி பூசினா. எல்லாம் சரி. போகும்போது அந்தச் சட்டியை ஒரு பார்வை பார்த்தா. சொன்னால்கூடப் பதில் சொல்லலாம். பார்வைக்கு என்ன பதில் சொல்வது?

மகளிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டினேன். தகப்பனில் கோபம், மச்சாளில் கோபம், வீடியோக்காரியில் கோபம். அவள் எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மா, நீங்கள் உப்புப் பாத்தனீங்களோ?"

நான் எப்படிப் பார்ப்பது? விரதம். கோழியை நாக்கில் வைக்கலாமா? வாசம் பிடித்துத்தான் காய்ச்சினேன் என்றேன்.

இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன். காய்ச்சுகிறவள் ருசி பார்க்கக் கூடாது. குடிக்கிறவருக்கு ருசி தெரியாது. அந்தச் சட்டிக்குள் என்ன இருந்தது என்று நாயைத் தவிர இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

ஜூன் 13, வெள்ளி

வெள்ளிக்கிழமை. அதுவும் வெள்ளிக்கிழமை.

நேற்றையதில் கொஞ்சம் சட்டியில் மிச்சம் இருந்தது. காலை சூடாக்கினேன். சுவாமி அறைக்கு முதுகு காட்டி நின்று ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டேன்.

கடல். கீரிமலைக் கடலில் முழுகும்போது தவறி வாய்க்குள் போகுமே, அதைவிட மோசம். மீன் சோஸிலேயே உப்பு இருக்கிறது, அதற்கு மேல் நான் கல்லுப்பும் போட்டிருக்கிறேன். வீடியோக்காரி அதைச் சொன்னாளா? அவள் சிரித்தாள். பிறகு அந்தக் காய்ந்த பேரரத்தை, கசாயத்துக்குப் போடுகிற அளவுக்குப் போட்டு, தொண்டை வரைக்கும் கசப்பு.

நேரே இவரிடம் போனேன். வாய்க்குள் முழுக்கப் புண். அந்தப் புண்ணில் இந்த உப்பு! ஏன் சொல்லவில்லை என்று கத்தியே விட்டேன். ருசி தெரியவில்லையாம், எரிவு மட்டும் தெரிந்ததாம், எரிவு மருந்தால் என்று நினைத்தாராம். "நீர் வெளியிலை புகைக்குள்ளை நிண்டு காய்ச்சினனீர். என்னெண்டு சொல்லுறது?" என்றார்.

இப்படியும் ஒரு மனிதர். எரிகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்து போகும்? நல்லவராக இருந்து இருந்தே செத்துப் போவாரா? அதையும் சத்தமாகச் சொல்லிவிட்டேன். கட்டிலில் அவர் பக்கத்தில் இருந்து அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பத்து மணியளவில் மச்சாள் அருச்சனைத் தட்டோடு வந்தா, கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக. வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டா. சொன்னேன். கோழி வாயில் பட்டுவிட்டது, விரதம் முறிந்துவிட்டது, இனியும் முறியும், தம்பி சாப்பிடும் வரைக்கும் ஒவ்வொரு நாளும் முறியும், என்ன பேசப்போகிறீர்களோ பேசுங்கோ என்றேன். பேச்சுக்குப் பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

மச்சாள் தட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்த் தம்பியைப் பார்த்தா. அவர் நித்திரை. போர்வைக்கு வெளியே கால் இரண்டும். அந்தக் காலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்று, போர்வையை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தா.

"உம்மடை விரதத்தையும் சேர்த்து நான் பிடிக்கிறன். நீர் உப்பைப் பாரும்."

கட்டளை மாதிரித்தான் சொன்னா. இவ்வளவு நாளும் இந்த நாக்கை எங்கே வைத்திருந்தாவாம்? படலை வரைக்கும் போய் நின்றுவிட்டு, எலுமிச்சம்புல்லை வேரோடு பிடுங்காமல் மேலே வெட்டும்படி சொல்லிவிட்டுப் போனா.

பின்னேரம் சந்தையில் ஒரு மனுசியிடம் பச்சைப் பேரரத்தை கிடைத்தது. வீட்டில் பூச்சாடிக்குள் வளர்க்கிறாவாம், அழகுக்கு. அழகுக்கு!

ஜூன் 14, சனி

காற்று கொஞ்சம் குறைவு. இன்றைக்குக் குசினிக்குள்ளேயே காய்ச்சினேன். இவ்வளவும் நடந்த பிறகு எந்த அடுப்பில் என்றால் என்ன?

எலும்பை அவித்து, வடித்து, இரண்டாம் பால் விட்டு, கடைசியில் முதற்பால். கொதிக்க விடவில்லை. கல்லுப்பு இல்லவே இல்லை. மீன் சோஸ் சொட்டுச் சொட்டாக, ஒவ்வொரு சொட்டுக்கும் வாயில் வைத்துப் பார்த்து. இறக்கிய பிறகு தேசிப்புளி, அதுவும் புண்ணுக்குப் பயந்து கொஞ்சம்தான். எனக்கே நன்றாக இருந்தது. இவ்வளவு நாள் பட்டினி கிடந்த வாய்க்கு எதுதான் நன்றாக இராது?

முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தினேன். ஒரு கரண்டி குடித்தார். வாய்க்குள்ளேயே வைத்திருந்து விழுங்கினார். இன்னொன்று. இன்னொன்று. நெற்றியைச் சுருக்கினார். வாளியை எட்டி எடுத்தேன்.

"இதுக்கு உப்புக் காணாது" என்றார்.

நான் வாளியோடு நின்றேன். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். உப்புக் காணாது, புளியும் கொஞ்சம் விட்டிருக்கலாம், அந்த மனுசி நல்லாப் புளி விடுவாள் என்கிறார். கரண்டியைக் கிண்ணத்தில் தட்டிக்கொண்டு, குறை சொல்கிறார். எனக்கு. என் சூப்புக்கு.

வாளியை அப்படியே போட்டுவிட்டுக் கோடிக்கு ஓடி, மதிலடியில் நின்று கத்தினேன்.

"மச்சாள்! உப்புக் காணாதாம்!"