பக்கம் திருப்ப ஓர் ஆள்

என் அன்புக்குரிய மேலதிகாரிக்கு,

உன் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, இந்த வயதில் சங்கீதம் படிக்கக் கடல் கடந்து வந்தவன் எழுதிக்கொள்வது. நான் நலம். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நீ கொடுத்தனுப்பிய தைலம் தீரும் நிலையில் இருக்கிறது.

போனில் பேசினால் நீ எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்று சொல்லிவிட்டு போனை மகளிடம் கொடுத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றாவதும் சரியாக வந்திருக்கிறதா என்று தெரியவில்லை.

வருஷக் கடைசியில் மாணவர்கள் வாசிக்கும் கச்சேரிக்கு நீ வரமாட்டேன் என்று எழுதியிருந்தாய். "காது கேக்காதவளுக்குக் கச்சேரி எதுக்குங்க? இவ்வளவு தூரம் வந்து நீங்க கையை ஆட்டுறதைப் பாக்கணுமா? அதை நாப்பது வருஷமா இங்கயே பாத்தாச்சு" என்ற வரியைப் படித்துச் சிரித்தேன்.

வயலின் படிக்கப் போனவர் ஏன் செல்லோவுக்கு மாறினீர் என்றும் கேட்டிருந்தாய். செல்லோ என்பது வயலினுக்குப் பெரியப்பா. அதே முகஜாடை, தடித்த உடம்பு, கட்டைக் குரல். அடியில் ஓர் இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தரையில் ஊன்றி, உட்கார்ந்து வாசிக்க வேண்டும். குக்கர் விசில் உனக்குக் கேட்பதில்லை, ஆனால் தெருவில் லாரி வந்தால் திரும்பிப் பார்க்கிறாய், தாழ்ந்த ஒலிகள் இன்னும் உன்னிடம் மிச்சமிருப்பதாக டாக்டர் சொன்னார் என்று மகள் எழுதியிருந்தாள். அந்த வாரம்தான் மாறினேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று வேண்டுமானால் வைத்துக்கொள்.

இங்கே கற்றுக்கொண்டதில் பாதி, பாடத்தில் இல்லாதது. வகுப்பில் என் பக்கத்து நாற்காலிக்காரரையும் அடுத்தவரையும் சேர்த்தால்தான் என் வயது வரும். சாதகம் செய்யும் அறைகள் வரிசையாக இருக்கும் நடையில் நின்றால் சந்தைக்கடை இரைச்சல். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் உலகத்திலேயே தப்பாக வாசிப்பவன் நான் ஒருவன்தான் என்று தோன்றிவிடுகிறது. துணி துவைக்கும் இயந்திரம் பிழியும்போது சரியாக என் மூன்றாம் தந்தியின் சுருதியில் முனகுகிறது. துணியைப் போட்டுவிட்டு அதனோடு சுருதி சேர்க்கிறேன். பார்த்தவர்கள் தள்ளி நிற்கிறார்கள்.

இனி முக்கியமான விஷயம். நான் தங்கியிருக்கும் அறைக்குக் கீழே ஒரு தையற்கார அம்மாள் இருக்கிறார். அவர் ஒரு நாளும் எதுவும் சொன்னதில்லை. ஆனாலும் சொல்லிவிடுவாரோ என்று பயந்து, குளியல் துண்டை நாலாக மடித்துக் கம்பிக்கு அடியில் வைத்து வாசித்து வந்தேன். உனக்குத்தான் என்னைத் தெரியுமே. அதுவே பழக்கமாகி, துண்டைப் பள்ளிக்கும் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தேன். என் சத்தம் ஏன் கம்பளிக்குள் இருமுவது போலிருக்கிறது என்று ஆசிரியை மண்டையை உடைத்துக்கொண்டார். போன மாதம்தான் குனிந்து பார்த்தார். "பெரியவரே, வாத்தியத்தை வாசிக்கிறீங்களா, மெத்தை போட்டுத் தூங்க வைக்கிறீங்களா?" என்று அவர் பாஷையில் கேட்டுவிட்டுத் துண்டை உருவி எறிந்தார்.

கம்பி நேராக மரத்தரையில் ஊன்றியது. வில்லை, இருப்பதிலேயே தாழ்ந்த ஒலி தரும் அடித்தந்தியில் இழுத்தேன். சத்தம் தரை வழியாக, நாற்காலிக் கால் வழியாக ஏறி என் கடைவாய்ப்பல்வரை வந்தது. காலுறையைக் கழற்றினேன். பாதத்தில் இன்னும் தெளிவாக இருந்தது. எனக்கு உன் நினைவுதான் வந்தது. எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன்.

என் புத்தியை நான் உடனே நம்புவதில்லை. அதனால் சோதித்தேன். காதில் பஞ்சை அடைத்து, அதன்மேல் பள்ளித் தச்சர் ரம்பம் அறுக்கும்போது போடும் காதுமூடியையும் மாட்டிக்கொண்டேன். மேடையில் செல்லோக்காரர்கள் உட்கார உள்ளே கூடான, பெட்டி போன்ற ஒரு மரப்பலகை உண்டு. அதன்மேல் வெறுங்காலோடு உட்கார்ந்து, கண்ணை மூடி, பக்கத்து நாற்காலிக்காரரை வாசிக்கச் சொன்னேன். இடையில் சொல்லாமல் நிறுத்தி ஏமாற்றச் சொன்னேன், ஏமாறவில்லை. எந்தப் பாட்டு என்றுகூடச் சொன்னேன். ஒரு முறை தப்பாகச் சொன்னேன், அதையும் மறைக்கவில்லை. பஞ்சடைத்த காதும் உன் காதும் ஒன்றல்ல என்பதும் தெரியும். இத்தனை தூரம் அழைத்து, ஒன்றுமே எட்டாமல் உன்னைத் திருப்பி அனுப்ப நேருமோ என்ற பயம் இந்த வரியை எழுதும்போதும் இருக்கிறது.

இருந்தும் ஆசிரியையிடம் போய்க் கேட்டுவிட்டேன். கேட்பதற்கு ஒரு வாரம் பிடித்தது. அவர் அறை வாசலை இரண்டு முறை தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். என் பலகையில் இன்னொரு நாற்காலி போட வேண்டும், என் மனைவி உட்கார வேண்டும் என்றேன். சபையில் இருப்பவர்கள் ஏன் என்று பார்ப்பார்களே என்று நானே ஆட்சேபமும் சொன்னேன். "அவங்க உங்க சுரத்தாளோட பக்கம் திருப்பட்டும். பக்கம் திருப்புற ஆளை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்றார் அவர். அதைக் கேட்டுத் தச்சர் பலகையை ஒரு நாற்காலி அளவுக்கு அகலப்படுத்திக்கொண்டிருக்கிறார்.

ஆகையால் இது கச்சேரி பார்க்க அழைப்பு அல்ல, உனக்கு வேலை. பாட்டு எனக்கு மனப்பாடம்தான். என்றாலும் தாளை வைத்துக்கொள்வேன். மகளுக்கு விடுமுறை கிடைக்கும் என்று அவளே எழுதியிருக்கிறாள்; கூட்டிக்கொண்டு வருவாள். கனமான செருப்பு வேண்டாம், மேடையில் கழற்றிவிடப் போகிறாய். பார்ப்பவர்கள் பார்க்கட்டும், நானும் கழற்றிவிடுகிறேன்.

எப்போது திருப்புவது என்று கவலைப்படாதே. நான் தலையசைக்க மாட்டேன், உன் பக்கம் திரும்பவும் மாட்டேன். முதல் பக்கத்தின் கடைசி வரியில் பாட்டு அடித்தந்திக்கு இறங்கும், அங்கேயே நிற்கும். நீ திருப்பும்வரை நானும் அந்தச் சுரத்திலேயே இழுத்துக்கொண்டிருப்பேன்.

வந்துவிடு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன்னவன்