அடைக்கோழிக்கு அடியில் யார் முட்டை

அனுமந்தன்பட்டி,
தை மாதம், 1937.

கண்டித் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர் அவர்களுக்கு, மூத்தவள் இருளம்மாள் வணக்கமாக எழுதிக்கொள்வது. இங்கே நானும், இளையவள் சந்தனம்மாளும், மாடும் கன்றும் சுகம். உங்கள் இருமல் நின்றதா என்று எழுதவும். உறைமேல் உங்கள் பெயரை வழக்கம்போலத் தபால்காரர் சங்கரலிங்கம் எழுதுவார். கட்டியவர் பெயரை நான் எழுதமாட்டேன்.

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் சொன்னபடி சந்தனத்துக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு பக்கம் முழுக்க அவளுடைய வெள்ளைக் கோழிகளைப் பற்றி. போன வருஷம் மதுரைக் கண்காட்சியில் வாங்கி அவள் மடியில் போட்டீர்களே, அந்தச் சீமைக்கோழிகள். என் கோழிகளுக்கு ஒரே வரி: அடைக்கோழிக்கு அடியில் இனி வெள்ளை முட்டைகளையே வை, உன் சேவலைக் கருப்பசாமிக்கு அறுத்துவிடு. சந்தனம் எழுத்துத் தெரியாதவள்தானே என்று அந்த வரியை நான் தாண்டிப் போயிருக்கலாம். தாண்டவில்லை. அதையும் சத்தமாகவே வாசித்தேன். அவள் கேட்டுவிட்டு, மாமா சொல்லிட்டாகல்ல அக்கா என்று தலையைச் சாய்த்துச் சிரித்தாள்.

உங்களுக்கு என் கோழிகள் வெறும் குப்பைக் கோழிகள். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது, ஒரு கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் இறகை உப்பிக்கொண்டு அடைக்கு உட்கார்ந்துவிடும், அதோடு முட்டை நின்றுபோகும். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே பார்த்துப் பார்த்துக் கண்டுகொண்டேன். நன்றாக இடுகிற கோழிக்குப் பின்பக்க எலும்புகளின் நடுவே மூன்று விரல் நுழையும், காலின் மஞ்சள் வெளிறியிருக்கும். சோம்பேறிக்கு ஒரு விரல்தான். நன்றாக இடுகிறவள் காலில் சிவப்பு நூல் கட்டினேன். நூல் கட்டியவளின் முட்டையை மட்டும் குஞ்சுக்கு வைத்தேன். அதிலும் ஓடு மெலிந்ததை விளக்கில் பிடித்துப் பார்த்துக் குழம்புக்கு ஒதுக்கினேன். சீக்கிரம் அடைக்கு உட்காருகிறவளைச் சட்டிக்கு அனுப்பினேன். இப்போது என் கோழிகள் முன்பைப்போல இரண்டு பங்கு இடுகின்றன. மேகமலைத் தோட்டத்துக்கு முட்டை கொண்டுபோகும் மலைச்சாமியைக் கேளுங்கள். மலைப்பாதைக் குலுக்கலில் என் முட்டை ஒன்றுகூட உடையாது என்று சொன்னவன் அவன்தான்.

அதே மலைச்சாமி போன மாதம் வாசலில் நின்றுகொண்டு, அங்கன வெள்ளைக்காரத் துரைசாணிக்கு வெள்ளை முட்டைதான் வேணுமாம் ஆத்தா, உங்க முட்டையைப் பார்த்துட்டுக் காடை முட்டையான்னு கேக்குறாக என்றான். சந்தனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்றை மட்டும் நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். அடைக்கு உட்காருகிறவர்களையே கழித்துக் கழித்து, இன்று என் கூட்டத்தில் உட்காரத் தெரிந்தவள் கிழட்டுக் கறுப்பி ஒருத்திதான். வெள்ளைக் கோழிகளுக்கோ அடை என்றால் என்னவென்றே தெரியாது. இட்டுவிட்டு எழுந்து போய்விடும். ஆக வீட்டுக்கு ஒரே அடைக்கோழி. அவள் இறக்கைக்குள் யார் முட்டை இருக்கிறதோ, அவர்கள் வித்துதான் இனி இந்த முற்றத்தில் மேயும்.

போன வாரம் கறுப்பி உட்கார்ந்தாள். என் முட்டைகளைக் கரியால் கோடு போட்டு வைத்தேன். நம் தோட்டத்துக்குப் போய்வருவதற்குள் எல்லாம் வெள்ளையாகிக் கிடந்தன. அவற்றை அள்ளி வெளியே வைத்துவிட்டு என்னுடையதைத் திரும்ப வைத்தேன். சந்தனம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள். மாமா எழுதினதை நீங்கதானே வாசிச்சீக, இப்ப நீங்களே மீறுவீகளா என்று கேட்டாள். வாசிச்சேன், கேக்குறேன்னு சொன்னேனாடி என்றேன். நான் கோழி வளர்க்கையில நீ பாவாடைகூடக் கட்டல என்றும் சொன்னேன். பதிலுக்கு வாய் திறந்தவள், தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் தீபாவளிக்கு வந்துபோன பிறகு அவள் வீட்டுக்கு விலக்காகவே இல்லை. மருத்துவச்சி அய்யம்மாளும் வந்து பார்த்து உறுதி சொன்னாள். இதைத்தான் கடிதத்தில் முதலில் எழுதச் சொன்னாள் சந்தனம். எழுதிவிட்டேன், இந்த இடத்தில்.

கறுப்பியின் அடியில் இருப்பது என் முட்டைதான். மாற்றவில்லை. வெள்ளை முட்டைகளை அவித்து, மிளகுத்தூள் தூவி, தினம் காலையில் ஒன்று வீதம் அவளுக்கே கொடுக்கிறேன். துரைசாணி தின்பதை இவளும் தின்னட்டும். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தின்கிறாள். ஆனாலும் என் கையால் கொடுத்தால்தான் வயிற்றில் தங்குகிறது.

இதற்குள் கெங்குவார்பட்டியிலிருந்து அவளைப் பெற்ற கஸ்தூரியம்மாள் ஆளனுப்பிவிட்டாள். ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்துப்போவாளாம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானாம். பிள்ளை எழுந்து நடக்கிற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும் என்கிறாக. முறை எனக்குத் தெரியாதா? நான் வந்த பிறகு இந்த வீட்டில் தொட்டில் கட்டவில்லை என்றுதானே சந்தனத்தைக் கட்டி வந்தீர்கள். அன்று வாசலில் ஆரத்தித் தட்டைப் பிடித்தது நான். தொட்டில் கட்ட மட்டும் கெங்குவார்பட்டி உத்தரமா? அந்த வீடு மழைக்கு ஒழுகும். அய்யம்மாள் மாதிரி கைராசிக்காரி அங்கே கிடையாது. கஸ்தூரியம்மாள் படுத்தால் எழாதவள், பிள்ளை அழுதாலும் கேட்காது. எனக்குத் தூக்கமே கிடையாது.

நான் தடுத்தால், பெறாதவளுக்கு என்ன தெரியும் என்று ஒரே சொல்லில் என்னை உட்காரவைத்துவிடுவாக. நீங்கள் எழுதினால் மறுபேச்சு இருக்காது. பிரசவம் அனுமந்தன்பட்டியில்தான் என்று எழுதுங்கள். எழுதினால், கறுப்பி பொரிக்கிற குஞ்சுகளை மலைச்சாமியிடம் தூக்கிக் கொடுத்துவிடுகிறேன். சேவலையும் நீங்கள் சொன்னபடி கருப்பசாமிக்கு அறுத்துவிடுகிறேன். முற்றம் முழுக்க வெள்ளையே மேயட்டும். நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். சுருளி வேலப்பர் உங்களுக்குத் துணையிருப்பார். உங்கள் பழைய வேட்டிகளைத் துவைத்து, மிருதுவானதாகப் பார்த்துக் கிழித்து மடித்து வைத்திருக்கிறேன். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி உறுத்தும். அவற்றைக் கெங்குவார்பட்டிக்குக் கொடுத்து அனுப்ப என்னால் முடியாது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவள்,
இருளம்மாள்.