அப்பா அறைக் கதவைத் திறக்காதே

தம்பி,

அப்பா அறைக் கதவைத் திறக்காதே. கதவடியில் ஈரத்துணி அடைத்திருக்கிறேன், அதையும் தொடாதே. உங்கள் ஃபாக்டரியில் போனை உள்ளே விடமாட்டார்கள், அதனால்தான் இந்தச் சீட்டு.

நேற்று வெளிச்சுவரில் தேனீ போய்வந்த ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு ராத்திரி வேலைக்குப் போனாய். "கூடு எடுக்கறவர் நாளைக்கு வர்றார், நீ கைவைக்காதே" என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். "ஒரு கரண்டி சிமெண்ட்ல முடியற வேலை, அக்கா" என்றாய். வெளியே வழி இல்லாமல், விடிந்ததும் எல்லாம் ஸ்விட்ச் போர்டு வழியாக உள்ளே வந்துவிட்டன. கட்டிலுக்கு நேர் மேலே. முகத்தை மூடக்கூட அப்பாவுக்குக் கை வராது.

ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். கொடியில் கிடந்த அவர் துணியை எடுக்கத்தான் வந்தேன்.

கூடு எடுப்பவர் வந்து சிமெண்டை உடைக்கட்டும். மருந்தடிக்கிறேன் என்று நீ கிளம்பாதே. அப்பாவின் கண்ணாடி உள்ளே இருக்கிறது, கூடு எடுப்பவரையே எடுத்துத் தரச் சொல். சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வா.

அக்கா

இன்னொன்று. ஆம்புலன்ஸில் பேச்சு இருந்தவரை அப்பா இதையே சொன்னார்: "ஜன்னலை நான்தான் திறக்கச் சொன்னேன், அது வழியா வந்துடுச்சுன்னு சின்னவன்கிட்ட சொல்லிடும்மா." ஜன்னல் ராத்திரி முழுக்கச் சாத்தித்தான் இருந்தது.

அழுவதென்றால் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதுவிடு. உள்ளே வந்ததும், அவர் காதில் விழுகிற மாதிரி, "ஏம்ப்பா ஜன்னலைத் திறக்கச் சொன்னீங்க?" என்று கேள்.