போர்டைத் தாண்டிப் போட்ட வயர்

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

கடை திறந்ததும் தவசிமுத்து அண்ணன் வந்துவிட்டார். வன்னியம்பட்டிக்காரர். மாந்தோப்புகளில் கிளை கழிக்கும் கவாத்து வேலை எடுத்துச் செய்பவர். கையில் ஒரு சின்ன பேட்டரி ரம்பம். சார்ஜரில் போட்டால் இரண்டே நிமிடத்தில் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடுகிறதாம். பேட்டரியைப் பிரித்து மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஐந்து செல்லில் ஒன்று செத்துக்கொண்டிருக்கிறது. அதனால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு போர்டு கரண்டை நிறுத்திவிடுகிறது. நிறுத்துவதுதான் அதன் வேலை. புது பேட்டரி கோயம்புத்தூரிலிருந்து வரப் பத்து நாளாகும்.

"பத்து நாளா? மழைக்கு முன்ன தோப்பை முடிச்சுக் குடுக்கணும் தங்கச்சி. அருவாளை வச்சு எம்புட்டு கொப்பை வெட்ட?"

முதலாளி தங்கப்பாண்டியன் என்னை உள்ளே கூப்பிட்டார். "போர்டைத் தாண்டி ஒரு வயரைப் போட்டு விடு ஈஸ்வரி. புதுசு வார வரைக்கும்தானே." பட்டாளத்தில் இருந்தவர். எதையும் இரண்டாம் தடவை சொல்ல மாட்டார்.

போட்டேன். விரல் நீளத்துக்கு ஒரு வயர், இரண்டு பொட்டு ஈயம். இப்படிப் போடுவது முதல் தடவையும் இல்லை. ஏழு வருஷமாக இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

"வீட்டுக்குள்ள சார்ஜ் போடாதீக அண்ணே. சூடானா உடனே கழத்திருங்க" என்றேன். தலையாட்டினார். வயரைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

6 ஆகஸ்ட்

நான்கு ஸ்பிரேயர், ஒரு புல்வெட்டி. கண் எரிச்சல்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

காய்கறிச் சந்தையில் தவசிமுத்து அண்ணனும் அவர் மனைவி இருளம்மாளும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை அந்த அக்காவுக்கு. "இப்ப ரம்பம் சும்மா பறக்குதாம். வீட்டுக்கு வந்தா இவிய அதைத்தான் பேசுதாவ" என்று சிரித்தார். எனக்கும் பெருமையாக இருந்தது. ஏன் பொய் சொல்ல, பெருமையாகத்தான் இருந்தது.

14 ஆகஸ்ட், வியாழன்

தவசிமுத்து அண்ணன் வீட்டில் பேட்டரி வெடித்துவிட்டது. இருளம்மாளுக்கு நெருப்புக் காயம்.

எழுத வரவில்லை.

15 ஆகஸ்ட்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நேற்றே மதுரைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். பக்கத்து வீட்டுப் பெண் சுடலைமாடத்தி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் எல்லாம் சொன்னாள்.

மத்தியானம் சாப்பிட வந்த அண்ணன், கட்டிலுக்கு அடியில் பேட்டரியைச் சார்ஜ் போட்டுவிட்டுப் பெட்டிக்கடை வரை போயிருக்கிறார். கட்டிலில் இருளம்மாள் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். முதலில் வெள்ளைப் புகை. அப்புறம் வாணம் மாதிரி சீறியிருக்கிறது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றியும் நிற்கவில்லை. அந்த அக்கா அப்படியே வெளியே ஓடியிருக்கலாம். வீடு போய்விடுமே என்று சாக்கை வைத்து அதைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். நிலைப்படிகிட்ட வரும்போது அடுத்த செல்லும் வெடித்திருக்கிறது. சேலையில் பற்றிவிட்டது.

"வெளிய வச்சு சார்ஜ் போட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன்.

"வெளிய ஏது பிளக்கு அக்கா? வீட்டுக்கே ஒண்ணுதான், அதுவும் கட்டிலுக்குப் பக்கத்துல."

வீட்டுக்குள்ள போடாதீகன்னு சொன்னேனே. எங்கே போடுவாங்கன்னு நெனச்சேன்?

17 ஆகஸ்ட்

முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பேசினார். "அம்புட்டும் கரியாப் போச்சு. வயரு இருந்துச்சா இல்லையான்னு இனி எவனும் சொல்ல முடியாது. நீ வாயைத் திறக்காத. ஒனக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்."



19 ஆகஸ்ட்

காலை ஆறு மணிக்கு இருளம்மாள் போய்விட்டார்.

21 ஆகஸ்ட்

துக்கத்துக்குப் போனேன். தறியில் கூட வேலை பார்த்த பெண்கள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி சொன்னாள், "ஒடம்பு பூரா கட்டு சுத்தியிருந்துச்சே, அது நம்ம நெய்த துணியா இருக்குமோ?" தவசிமுத்து அண்ணன் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். என்னைப் போய்க் கும்பிட்டார்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

வீட்டு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் வாயெடுப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். "நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீக தங்கச்சி. நாந்தேன் கேக்கல. போலீஸ்லயும் அப்படித்தான் எழுதிக் குடுத்தேன்."

வயரைப் பற்றிச் சொன்னேன். போர்டு என்றால் என்ன, எதற்காக அது கரண்டை நிறுத்தியது, நான் என்ன செய்தேன், எல்லாம். முதலாளி சொன்னதையும் சொன்னேன். ஆனால் ஈயம் வைத்தது என் கை.

"அந்த வயரு இல்லாட்டி?"

"சார்ஜே ஏறியிருக்காது அண்ணே."

"பத்து நாளா அவளை நாந்தேன் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்" என்றார். பிறகு, "இன்னும் எத்தனை பேருக்குப் போட்டீக?"

பதினோரு பேர். சர்வீஸ் நோட்டைப் பார்த்துப் பேரும் முகவரியும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். வாங்கிப் படித்தார். தாளைத் திருப்பித் தரவில்லை.

"எந்திரிச்சுப் போங்க."

வந்துவிட்டேன். சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை.

26 ஆகஸ்ட்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ரசீது தந்தார்கள். கூப்பிடுவார்களாம்.

27 ஆகஸ்ட்

பட்டியலைத் திரும்ப எழுதினேன். கிருஷ்ணன்கோவிலில் ஒரு தோட்டக்காரர், பெயர் முத்துவீரன். நடந்ததைக் கேட்டதும் பேட்டரியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். லேசாக உப்பியிருந்தது. மணல் வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பஸ்ஸில் மடியில் வைக்கப் பயமாக இருந்தது. ஆனால் வீடுகளில் வைத்துக்கொள்ளச் சொல்லித்தானே கொடுத்தேன்?

30 ஆகஸ்ட்

செட்டியார்பட்டி. தென்னந்தோப்புக்காரர் சங்கையா.

"ஓடுதுல்ல? பொறவு என்ன?"

சொன்னேன். ஒரு அம்மா செத்துப்போனதைச் சொன்னேன்.

"புது பேட்டரி விக்கதுக்கு இது ஒரு வழியாக்கும். ஒங்க மொதலாளிகிட்டயே பேசிக்கிடுதேன், போம்மா."

அடுத்த இரண்டு வீட்டிலும் கிட்டத்தட்ட இதே பேச்சு. ஒருத்தர் நாயை அவிழ்த்து விட்டுவிடுவேன் என்றார்.

1 செப்டம்பர்

வேலை போய்விட்டது. முதலாளி கத்தவில்லை. "எனக்கும்தான் ஒறக்கமில்ல ஈஸ்வரி. அதுக்குக் கடையை மூடிட்டா அந்தம்மா எந்திரிச்சு வந்துருமா?" என்றார். சால்ட்ரிங் இரும்பு என்னுடையது. எடுத்துக்கொள்ளவில்லை.

கடை வாசலில் புதிதாக ஒரு போர்டு. பேட்டரி ரிப்பேர் செய்யப்படமாட்டாது.

5 செப்டம்பர்

மூன்று கைக்கு வந்திருக்கிறது. எட்டு வரவில்லை. ஸ்டேஷனில் இருந்தும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு நாளும் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பட்டியலை எடுத்துப் பார்க்கிறேன். எட்டு வீட்டில் சிவப்பு விளக்கு எரிய வேண்டிய இடத்தில் பச்சை எரிந்துகொண்டிருக்கும்.

6 செப்டம்பர்

போகவில்லை. படுத்தே கிடந்தேன்.

12 செப்டம்பர், வெள்ளி

மறுபடி செட்டியார்பட்டி. சங்கையா வாசலுக்கே வந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அதை நேத்தே ஒருத்தர் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரேம்மா."

"யாரு?"

"பேரு சொல்லல. பேசவே இல்லம்மா. பாக்கெட்டுல இருந்து பொண்டாட்டி போட்டோவை எடுத்தாரு. பொறவு ஆஸ்பத்திரியில எடுத்த இன்னொரு போட்டோ." திண்ணையைக் காட்டி உட்காரச் சொன்னார். "அன்னைக்கு ஒன்னையப் பேசினதை மனசுல வச்சுக்கிடாத தாயி."

அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கேயும் வந்து போயிருக்கிறார். அதற்கடுத்த வீட்டிலும்.

14 செப்டம்பர், ஞாயிறு

வன்னியம்பட்டி போனேன். தவசிமுத்து அண்ணன் வீட்டுச் சுவரில் புகைக் கரி அப்படியே இருக்கிறது. வீட்டைவிட்டுத் தள்ளி, வெறும் பொட்டலில் மணல் கொட்டி, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் ஏழு பேட்டரி வைத்திருந்தார். எல்லாம் என் கைபட்டவை.

என்னைப் பார்த்தார். வா என்று சொல்லவில்லை. என் தாளை மடியிலிருந்து எடுத்துக் மிச்சம் இருந்த ஒரே பெயரில் விரலை வைத்தார். அந்த ஆளுக்கு நோட்டில் முகவரி இல்லை. நான் ஊரை மட்டும் எழுதியிருந்தேன்.

"சேத்தூர்ல எந்தப் பக்கம்?"

"தெரியாது அண்ணே. மலையடிவாரத் தோப்புன்னு மட்டும் சொன்னார்."

தாளை மடித்து வைத்துக்கொண்டு வண்டியை உதைத்தார். என்னை ஏறச் சொல்லவில்லை. அவர் போன பிறகு, நான் மெயின் ரோட்டுக்கு நடந்து வந்து சேத்தூர் பஸ்ஸுக்கு நின்றேன்.