மேஜிக் பலகையும் என் வீட்டுக்காரரும்

செப்டம்பர் 3

ஜெயித்தோம்! மேஜிக் எண் பதினொன்று. இன்னும் பதினொரு வெற்றி வந்தால் பேஸ்பால் லீக் பட்டம் நம் பெலிகன்ஸுக்கு. இரண்டாம் இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற அந்தத் தோக்கியோ கொமெட்ஸ் தோற்றாலும் ஒன்று குறையும். எப்படிக் குறைந்தாலும் எனக்குச் சம்மதம்.

கடைத்தெரு முகப்பில் தொங்கும் பலகையில் எண்ணை மாற்ற வழக்கம்போல இவர்தான் ஏணியில் ஏறினார். மஞ்சள் பெலிகன்ஸ் சட்டை, தலையில் துண்டு. கீழே நின்று மீன்கடை மோரிகாமி ட்ரம்பெட் ஊதினான். கடைத்தெருச் சங்கத்தின் தலைவர் என்று பெயர், ஐம்பது வயதில் அப்படிக் குதிக்கிறான். "இசாவோ அண்ணே, அந்தப் பத்தையும் கையோட எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல! நாளைக்கு மறுபடி ஏறணுமே!" என்றான். இவர் சிரித்தார். இவர் அதிகம் பேசமாட்டார். உருளைக்கிழங்கு உரிப்பார், மசிப்பார். நான் அதை உருட்டிக் கொரொக்கே பொரிப்பேன், இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவேன். கடையும் இப்படித்தான் ஓடுகிறது, குடும்பமும் இப்படித்தான் ஓடுகிறது.

செப்டம்பர் 7

மூன்று ரன் முன்னிலை. மூன்று! ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்து மூன்றே மூன்று பேரை வெளியேற்ற வேண்டும், குரோத்சுக்காவுக்கு அதுதான் வேலை. மற்ற பிட்சர்கள் எல்லாம் தோள் கழன்று விழ எறிகிறார்கள், இந்த மகராசன் கடைசியில் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனால் போதும். இரண்டு பேரை அடிக்காமலே முதல் தளத்துக்குச் சும்மா நடக்கவிட்டான். அடுத்தவனுக்குத் தட்டில் வைத்துக் கொடுப்பது மாதிரி ஒரு பந்து, ஹோம்ரன், மூன்று ரன்னும் போச்சு. அதற்கடுத்தவனுக்கும் அதே பந்து!

டிவியை அணைத்தேன். "விடு ஹருயோ, நாளைக்கு ஆட்டம் இருக்கு" என்று இவர் பார்லித் தேநீர் கொண்டுவந்து வைத்தார். எனக்கு வாய்த்த மனிதர் மட்டும் இல்லையென்றால் செப்டம்பர் மாதத்தை எல்லாம் நான் எப்படித் தாண்டியிருப்பேன்?

செப்டம்பர் 9

மறுபடியும் குரோத்சுக்கா. எழுதக் கை வரவில்லை.

செப்டம்பர் 14

மேஜிக் போய்விட்டது. ஒன்பது வரை வந்து நின்ற எண், இல்லாமலே போய்விட்டது. கொமெட்ஸ்காரர்கள் விடாமல் ஜெயித்து வந்துவிட்டார்கள். இனி மீதி ஆட்டம் எல்லாவற்றையும் அவர்கள் ஜெயித்தால் நாம் என்ன செய்தாலும் பட்டம் அவர்களுக்கு. ஆகஸ்டில் ஏழு ஆட்டம் முன்னால் இருந்தோம். ஏழு!

பலகையைக் கழற்றும்போது தெருவே கூடி நின்றது. இவர்தான் ஏறிக் கழற்றினார், துணியால் துடைத்து, சங்கத்து அறைக்குள் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். தேநீர்க் கடைக்காரி அழுதாள்.

செப்டம்பர் 17

சங்கத்தில் கூட்டம். வடிகால் அடைப்பைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள், யாருடைய தோஷத்தால் தோற்கிறோம் என்று விசாரணை நடந்தது. மோரிகாமி தொடர் வெற்றியின்போது போட்ட காலுறையை அவன் மனைவி துவைத்துவிட்டாளாம். தேநீர்க் கடைக்காரி வாழ்த்துத் தோரணத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டாளாம். அவளை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

"இதெல்லாம் இல்ல. நம்ம தெருவுலயே எவனோ கொமெட்ஸ்காரன் ஒளிஞ்சிருக்கான்" என்றான் மோரிகாமி. "ஆப்பிட்டான்னா ஐஸ் பெட்டியில மீனோட மீனா வெச்சிடுவேன்!"

சிரித்தோம். இவரும் சிரித்தார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் நான் கண்டது நிஜமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

கொமெட்ஸோடு ஆட்டம், நம் மைதானத்தில். நாங்கள் எப்போதும்போல வலது பக்கக் கூட்டத்தில். எதிரணி ஆடும்போது நாம் உட்கார்ந்து, கொண்டுபோனதைத் தின்போம். இடது பக்கத்தில் அவர்கள் எழுந்து நின்று பாடுவார்கள். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு பாட்டு. ஏழாவது இன்னிங்ஸில் அந்த மலைமாடு நிஷிகதா வந்தான், இரண்டு பேர் ஓடுவதற்குத் தயாராக நின்றார்கள். பாட்டு ஆரம்பித்தது. அதன் முதல் அடி ஊரில் எல்லோருக்கும் தெரியும், நாங்களே கேலியாகப் பாடியிருக்கிறோம். ஆனால் ஆபத்தான நேரத்தில் மட்டும் அவர்கள் இரண்டாவது ஒரு அடி பாடுவார்கள், இரண்டு கைதட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு தட்டு. அது எனக்குக்கூடத் தெரியாது. எனக்கே தெரியாது!

சோற்று உருண்டையை நீட்டலாம் என்று திரும்பினேன். இவர் உதடு அசைகிறது. வலது கை விரல் முழங்கால்மேல். இரண்டு தட்டு. நின்றது. ஒரு தட்டு. ஒரு நூல் பிசகவில்லை.

அதே நொடியில் குரோத்சுக்கா எறிந்தான். ஆமாம், ஏழாவதிலேயே அவனை இறக்கிவிட்டார் நம் புத்திசாலி மேனேஜர். நிஷிகதா அடித்தான். பந்து எங்கள் தலைக்கு மேலே போகிறது. சுற்றிலும் எல்லோரும் தலையில் கை வைக்கிறார்கள். இவர் இடத்தைவிட்டு லேசாக எழும்பினார். கண்ணைப் பார்த்தேன். எங்கள் மகள் பிறந்த அன்றைக்குத்தான் அந்தக் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம் பார்த்திருக்கிறேன்.

பிறகு என்னைப் பார்த்தார். "சே" என்றார்.

ஐயோ. இத்தனை வருஷமாகக் கேட்ட அதே "சே".

செப்டம்பர் 22

கடையைத் திறக்கவில்லை. கேட்டேவிட்டேன்.

"நீங்க எந்த டீம்?"

கிழங்கையும் கத்தியையும் கீழே வைத்தார். "கொமெட்ஸ்" என்றார். எட்டு வயதிலிருந்தாம். தோக்கியோவில் அவர் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த முதல் ஆட்டத்திலிருந்தாம்.

வேறொரு பெண்ணை வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தால்கூட, முதலில் யார் என்று கேட்கத் தோன்றியிருக்கும். இதற்கு என்னத்தைக் கேட்பது?

"அப்போ ஏன்யா பொய் சொன்னே?" வாயில் வந்துவிட்டது, யோவ் என்றுகூடச் சொன்னேன் போல.

"பொண்ணு கேக்க வந்தேன்ல. வேலை என்ன, சம்பளம் என்னன்னு எதுவுமே உங்கப்பா கேக்கல. 'தம்பி, எந்த டீம்?'னுதான் கேட்டாரு. சுவர் முழுக்க மஞ்சக் கொடி. நீ பின்னாடி தட்டோட நின்னுட்டிருந்தே. 'பெலிகன்ஸ்'னு சொல்லிட்டேன்."

"அப்புறமா சொல்லியிருக்கலாம்ல!"

"அப்புறம்னா எப்போ? கல்யாணத்துக்கு உங்கப்பா எடுத்துக் குடுத்ததே மஞ்சக் கோட்டு."

சிரிப்பு வந்தது, அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கொமெட்ஸ்காரர்கள் நம் மைதானத்திலேயே பட்டத்தை வென்று, கொண்டாட்டமாகத் தங்கள் மேனேஜரை நம் மண்ணில் வைத்துத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பிடித்தார்களே, அன்றைக்கு நான் சோறு தண்ணி இல்லாமல் சுருண்டு படுத்துக் கிடந்தேன். இவர்தான் கஞ்சி காய்ச்சி ஊட்டினார். அதைக் கேட்டேன். அன்னிக்கு உங்களுக்கு எப்படி இருந்துச்சு?

"சந்தோஷமாத்தான் இருந்துச்சு. உன் மூஞ்சியப் பார்த்ததும் பாவமாவும் இருந்துச்சு. ரெண்டும் நெஜம்தான் ஹருயோ."

தெருவுக்குத் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். "வாயத் தொறந்தீங்க, தெரியும் சேதி" என்றேன்.

செப்டம்பர் 25

பேசவில்லை. அவர் மசிக்கிறார், நான் பொரிக்கிறேன். இரண்டு ஈடு கருகிவிட்டது.

வேறு எதெல்லாம் பொய்? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். என் கொரொக்கே பிடிக்கும் என்றது? என் அப்பா சாவுக்கு அழுதது? என்னைப் பிடித்தது?

மத்தியானம் தாங்காமல் கேட்டேன். "கொரொக்கேயாவது பிடிக்குமா?"

"பிடிக்கும்."

"பெலிகன்ஸும் பிடிக்கும்னுதான சொன்னீங்க."

முகம் வெளுத்துப்போய்விட்டது. கேட்டிருக்க வேண்டாம். ஆனாலும் கேட்பேன்.

செப்டம்பர் 30

மகளுக்கு ஃபோன் செய்தேன். அவளாவது என்னோடு சேர்ந்து அதிர்ச்சி அடைவாள் என்று பார்த்தால், "அப்பாவுக்கு ஆசைன்னு ஒண்ணு இருந்துச்சா!" என்கிறாள். "உனக்குக் கோபம் வரலையாடி?" "எனக்குப் பாவமா இருக்கும்மா." வைத்துவிட்டேன்.

நம் அணி ஜெயித்தது. கொமெட்ஸும் ஜெயித்தது. இரண்டும் சமம். கடைசி ஆட்டத்தில் இந்த இரண்டு அணியும்தான் மோதுகின்றன. இதற்குப் பெயர் விதியா, அட்டவணை போட்டவனின் கொழுப்பா?

அக்டோபர் 4

தோற்றோம். பட்டம் அவர்களுக்கு.

கடைத்தெரு நடுவில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். மத்தியான ஆட்டம், எல்லோரும் கடையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தோம். எட்டு இன்னிங்ஸ் வரை ஒரு ரன் முன்னிலை. கடைசியில் கதவு திறந்து வருகிறான் குரோத்சுக்கா. "வேண்டாம்யா, வேற ஆளே இல்லையா!" என்று நான் கத்தினேன், தெருவே கத்தியது. ஒருவனை நடக்கவிட்டான், அடுத்து நிஷிகதாவுக்கு முதல் பந்தே ஹோம்ரன். அவ்வளவுதான். ஒரு கரப்பான்பூச்சி ஓடினால்கூடக் கேட்டிருக்கும், அப்படி ஒரு அமைதி. மோரிகாமி ட்ரம்பெட்டை மடியில் போட்டுக்கொண்டு தேம்பினான்.

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். எரித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். மஞ்சள் சட்டையில், நேராக, திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். உதட்டைக் கடித்துக் கடித்து வெள்ளையாகிவிட்டது. தன் அணி பட்டம் வென்றிருக்கிறது, அதற்கு இந்த மனிதர் தன் கைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாரா? என் பக்கத்திலேயேவா? நான் பார்க்கவே இல்லையே!

சட்டையைப் பிடித்து எழுப்பிக் கடைக்குள் கூட்டிவந்தேன். ஷட்டரை இறக்கினேன். புகைபோக்கி விசிறியை முழு வேகத்தில் போட்டேன்.

"கத்துங்க."

"என்னது?"

"ஜெயிச்சுட்டீங்கல்ல. கத்தித் தொலைங்க. வெளியில கேக்காது."

வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். "பன்ஸாய்" என்றார், அந்த வெற்றி முழக்கத்தை மருந்துக்கடையில் மாத்திரை கேட்கிற குரலில். "வரல ஹருயோ" என்றார். "பழக்கமில்ல."

மாவுப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், நான் குரோத்சுக்காவுக்காக அழுதேன் என்றுதான் அவரிடம் சொன்னேன். பிறகு, தெருவுக்குச் சொல்லிடுங்க என்றேன்.

அக்டோபர் 6

சொல்லிவிட்டார். சங்கத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து, இடுப்பு வளைய வணங்கி, ஒரே மூச்சில்.

மோரிகாமிக்கு வாய் பிளந்தது பிளந்தபடி. "அண்ணே... அப்போ ஏணி? நாம ஜெயிக்கிற ஒவ்வொரு நாளும் நீங்கதானே ஏறி நம்பர் மாத்துனீங்க! எப்படிண்ணே மனசு வந்துச்சு?"

"மாட்டும்போது கண்ண மூடிக்குவேன்."

"அதான் போன தடவை மேஜிக் வந்த வருஷம் ஆறைத் தலைகீழா மாட்டினீங்களா! ஒம்பதுன்னு நெனைச்சு ஊரே பதறிப் போச்சேண்ணே!"

தேநீர்க் கடைக்காரிதான் முதலில் சிரித்தாள். தோரண விவகாரத்தில் தன்னைப் பிடித்தவர்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். மோரிகாமி சிரிக்கவில்லை. பொரிப்பதற்கு எங்கள் கடைக்குத் தினமும் அவன் அனுப்பும் இறால் இன்று வரவில்லை.

அக்டோபர் 19

இறால் வந்தது. கூடவே ஒரு சின்னச் சீட்டு: "கொமெட்ஸ்காரனுக்கு வால் பக்கம், அக்காவுக்கு மட்டும் நல்லது."

மார்ச் 29

புதுப் பருவம், நம் மைதானம், முதல் எதிரியே கொமெட்ஸ். ரயிலில் சேர்ந்து போனோம், வாசலில் பிரிந்தோம். நான் வலது பக்கம், அவர் இடது பக்கம். கொமெட்ஸின் நீலச் சட்டை, மடிப்புக்கூட நிமிரவில்லை, தோள் இரண்டு அங்குலம் தொங்குகிறது. கடையில் போட்டுப் பார்க்க வெட்கப்பட்டு அப்படியே வாங்கி வந்துவிட்டார்.

பக்கத்து இருக்கை காலி. மோரிகாமி தன் பையை அதில் வைக்க வந்தான், வேண்டாம் என்றேன்.

எதிரணி ஆடும்போது தொலைநோக்கியில் தேடினேன். இடது பக்கத்தில் நான்காவது வரிசை. நிஷிகதாவின் பாட்டுக்கு எழுந்து நின்றார். பாட்டு முழுக்கத் தெரிகிறது, மற்றவர்களோடு சேர்ந்து பாடத்தான் தெரியவில்லை, ஒரு தட்டு முந்திப் போய்விடுகிறார். பக்கத்தில் நின்ற பெண் அவர் கையைப் பிடித்து, பொறுங்க, இப்போ என்பதுபோலத் தட்டிக் காட்டினாள். அடுத்த தடவை சேர்ந்துகொண்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

நாலுக்கு மூன்றில் தோற்றோம். ஒன்பதாவது இன்னிங்ஸ். யார் என்று எழுதவும் வேண்டுமா?

வாசலில் காத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்தார், காற்றுதான் வந்தது. கத்திக் கத்தித் தொண்டை முழுசாகக் கட்டிவிட்டது. இந்த மனிதருக்குத் தொண்டை கட்டி நான் பார்த்ததே இல்லை. வழி நெடுக நான்தான் குரோத்சுக்காவைத் திட்டிக்கொண்டு வந்தேன். பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் தேன் கலந்து வெந்நீர் போட்டுக் கொடுத்தேன்.